நந்தன் கேட்ட விடுப்பும் சோமன் கேட்ட நிலமும்

வெள்ளிவிழா மலருக்குத் திரைப்படத்தைப் பற்றி ஒரு கட்டுரை எதற்கு என்று நம் மூத்த உறுப்பினர் சிலர் வினவினர். உதவித்தொகை, விடுதி, தேர்வுப் பயிற்சி என எழுத வேண்டியவை எத்தனையோ இருக்க, பக்கங்களைச் சினிமாவுக்கு ஒதுக்குவதா என்பது அவர்தம் வருத்தம். வினா நியாயமானதே. ஆயினும் நம் இளைஞருள் பெரும்பாலோர் வாரத்தில் ஆறு நாள் பனியன் கம்பெனியிலும் சாயப்பட்டறையிலும் விசைத்தறிக் கூடத்திலும் உழைத்துவிட்டு, ஏழாம் நாளில் நாடிச் செல்வது திரையைத்தான். நம் நூலகத்தில் இரவல் பதிவேடு நிரம்புவதைவிட விரைவாக அவர்தம் கைப்பேசியில் படங்கள் நிரம்புகின்றன. இதை மறைத்துப் பயனில்லை. ஆகவே எதைக் காண்பது, எந்தக் கண்ணோடு காண்பது என்று சொல்வதும் கல்விப்பணியே எனத் துணிந்தோம்.

மதராஸ், காலா, பரியேறும் பெருமாள் போன்ற படங்களைப் பரிந்துரைக்கும் பொறுப்பு நமக்கு இல்லை. அவற்றின் வசனங்களை நம் பிள்ளைகள் மனப்பாடமாகவே சொல்வர். அவற்றுக்கு முன்னும் பின்னும் வந்து, ஓடாமல் போனவையும் மறக்கப்பட்டவையுமே ஈண்டு நம் பொருள்.

திரைப்படம் நம் கொங்கு நாட்டுக்குப் புதியதன்று. கோயம்புத்தூர்ச் சாமிக்கண்ணு வின்சென்ட், இரயில்வே வேலையில் இருந்தபோது, 1905இல் திருச்சிக்கு வந்த பிரெஞ்சுக்காரர் ஒருவரிடம் படம் காட்டும் கருவியை விலைக்கு வாங்கி, ஊர் ஊராகக் கூடாரம் அடித்துக் காட்டினார். 1914இல் அவர் கோவையில் எழுப்பிய வெரைட்டி ஹால், தென்னகத்தின் தொடக்ககால நிலையான திரையரங்குகளுள் ஒன்று. பின்னர்ச் சென்ட்ரல் ஸ்டுடியோ, பட்சிராஜா ஸ்டுடியோ எனக் கோவையே படப்பிடிப்பு நகரமாயிற்று. தமிழ்ப்படத்துக்குக் கிடைத்த முதல் குடியரசுத் தலைவர் வெள்ளிப் பதக்கம் பட்சிராஜாவின் 'மலைக்கள்ளன்' (1954) பெற்றதே.

ஈழத்துப் பேராசிரியர் கா. சிவத்தம்பி ஒரு கருத்தைச் சொன்னார்: தமிழர் அனைவரும் சாதி கடந்து ஒரே கூரையின்கீழ் அமர்ந்த முதற் கலைக்கூடம் திரையரங்கமே, அங்கே இருக்கையைத் தீர்மானித்தது பிறப்பன்று, சீட்டின் விலை. கோயில் மண்டபத்திலும் ஊர்ச் சாவடியிலும் எட்டி நின்ற நம் பாட்டன்மார் கொட்டகையில் தரை டிக்கெட்டுக்காவது உட்கார்ந்தனர். நிற்க, உட்கார இடம் கிடைத்தவர்க்குத் திரைக்குள் இடம் கிடைத்ததா என்பதே அடுத்த வினா.

கிடைத்த விதத்தைச் சொல்லப் பி. கே. ரோசியிடமிருந்து தொடங்க வேண்டும். மலையாளத்தின் முதற்படமாகிய 'விகதகுமாரன்' என்னும் ஊமைப்படத்தை எடுத்தவர் இன்றைய குமரி மாவட்டத்து அகத்தீசுவரத்தைச் சேர்ந்த ஜே. சி. டேனியல். அதில் நாயர் குலப்பெண்ணாக நடித்தவர் ரோசி என்னும் ஒடுக்கப்பட்ட குலத்துப் பெண். படம் வெளியான ஆண்டை 1928 என்பாரும் 1930 என்பாரும் உளர். திருவனந்தபுரம் கேப்பிட்டல் அரங்கில் படம் காட்டப்பட்டபோது திரையின்மீது கல் விழுந்தது. ரோசி ஊரைவிட்டே ஓட நேர்ந்தது. ஒரு லாரி ஓட்டுநரோடு நாகர்கோவில் பக்கம் வந்து, பெயரும் தொழிலும் மறைத்து வாழ்ந்து மறைந்தார். படச்சுருளும் எஞ்சவில்லை. இக்கதையைக் கமல் என்னும் மலையாள இயக்குநர் 'செல்லுலாய்ட்' (2013) என்ற படமாக்கினார். நம் பெண்மக்கள் தவறாது காண வேண்டிய படம். ஒரு குறிப்பும் உண்டு: ரோசியின் பெயரில் இப்போது சென்னையில் நீலம் பண்பாட்டு மையத்தார் திரைப்பட விழா நடத்தி வருகின்றனர்.

தமிழ்த்திரைக்குள் நாம் முதலில் நுழைந்தது அடியாராக. 1935இல் 'நந்தனார்' வந்தபோது, நம் கொடுமுடியில் பிறந்த கே. பி. சுந்தராம்பாள் ஆண்வேடம் பூண்டு நந்தனாராக நடித்தார். ஊதியம் ஒரு லட்சம் ரூபாய் என்பது அக்காலத்தில் ஊரெங்கும் பேச்சாயிற்று. 1942இல் ஜெமினி நிறுவனம் தண்டபாணி தேசிகரை வைத்து மீண்டும் அக்கதையை எடுத்தது. இதுவே நாம் பரிந்துரைக்கும் படம். தேசிகரின் குரலுக்காக மட்டுமன்று. அதில் ஒரு பண்ணையாள் என்ன கேட்கிறான் என்பதைக் கவனிப்பதற்காக. அவன் கேட்பது விடுப்பு. சிதம்பரம் போய்வர எசமானரிடம் ஒரு நாள் விடுப்பு. நாற்பது வேலி நிலத்து வேலையை ஒரே இரவில் முடித்துவிட்டுப் போ என்கிறார் வேதியர். சேக்கிழார் பாடிய திருநாளைப்போவார் கதையில் இந்த வேதியரே இல்லை. அவரைப் படைத்தவர் 19ஆம் நூற்றாண்டில் நந்தன் சரித்திரம் பாடிய கோபாலகிருஷ்ண பாரதியார். புராணத்தில் இல்லாத பண்ணை ஆண்டையைத் தஞ்சை வயல்களைக் கண்ணால் கண்ட ஒரு புலவர் கதைக்குள் கொண்டுவந்தார் என்றால், அவர் அறிந்தோ அறியாமலோ ஓர் உண்மையை எழுதிவிட்டார் எனலாம். ஓவர்டைம் முடித்தால்தான் தீபாவளிக்கு ஊருக்கு விடுவேன் என்று கேட்டுப் பழகிய நம் தோழர்க்கு இந்தக் காட்சியை விளக்க வேண்டியதில்லை. முடிவில் நந்தன் தீயில் இறங்கித்தான் கோயிலுக்குள் செல்ல முடிகிறது. அத்தீயைப் பக்தி என்று பார்ப்பதா, வேறொன்றாகப் பார்ப்பதா என்பதை அவரவர்க்கே விட்டுவிடுகிறோம்.

அடியாராக வந்ததற்கு அடுத்தபடி, நாம் வந்தது இரங்கத்தக்கவராக. பாம்பே டாக்கீசின் 'அச்சுத் கன்யா' (1936) என்னும் இந்திப் படத்தில் தேவிகா ராணி தீண்டத்தகாத குலத்துப் பெண் கஸ்தூரி. 'நீலக்குயில்' (1954) என்னும் மலையாளப் படத்தில், நாயர் ஆசிரியர் ஒருவரால் கைவிடப்பட்ட நீலி. இரண்டும் அக்காலத்தில் துணிவான படங்களே. 'நீலக்குயில்' இன்றும் அழகு குன்றாதது. ஆனால் இரண்டையும் அடுத்தடுத்துக் காண்போர்க்கு ஒன்று தோன்றாமற் போகாது: கஸ்தூரி இறப்பது இருப்புப்பாதையில், நீலியும் இருப்புப்பாதையில். கதையாசிரியர்க்கு அவளை வாழவைக்கும் வழி தெரியவில்லை போலும். 82 ஆண்டுகள் கழித்துப் பரியேறும் பெருமாள், இருப்புப்பாதையில் கிடத்தப்பட்ட பின்னும் கண்விழித்து எழுந்தான். அதனருமை இப்பழைய படங்களைக் கண்டவர்க்கே முழுதும் விளங்கும். 2015இல் பள்ளிபாளையத்தருகே இருப்புப்பாதையில் ஒரு பொறியியல் பட்டதாரியின் உடல் கிடந்ததையும், 2016 மார்ச் 13 அன்று நம் மாவட்டத்து உடுமலைப்பேட்டையில் பட்டப்பகலில் நடந்ததையும் அறிந்த நாம் இதனை வெறுங்கதையாகக் கொள்ள இயலாது.

'மதுரை வீரன்' (1956) மறக்கப்பட்ட படமன்று. ஆனால் அதனுள் ஒன்று மறக்கப்பட்டிருக்கிறது. கண்ணதாசன் எழுத, எம். ஜி. இராமச்சந்திரன் நடித்து நூறு நாள் ஓடிய அப்படத்தைக் கொங்கு நாட்டில் நம் முன்னோர் குடும்பத்தோடு கண்டனர். பலர் வீட்டில் அவன் குலசாமி. திரையில் அவன் காசி மன்னனின் மகன். காட்டில் விடப்பட்ட குழந்தையைச் சக்கிலியர் குடும்பம் எடுத்து வளர்க்கிறது. வளர்த்தவர்களாக என். எஸ். கிருஷ்ணனும் டி. ஏ. மதுரமும் வந்து நம்மைச் சிரிக்க வைக்கின்றனர். அரச பிறப்பென்னும் இப்பகுதி பின்னாளில் ஏற்றப்பட்டதென்றும், வீரன் அருந்ததியர் குலத்தவனே என்றும் நாட்டார் வழக்காற்று ஆய்வாளர் பலர் கருதுவர். மாறுகால் மாறுகை வாங்கப்பட்டவன் நம்மவன். வாள் பிடித்தவன் மட்டும் மன்னர் மகனா? படத்தை மீண்டும் பாருங்கள். சின்னானும் செல்லியும் வரும் காட்சிகளைச் சிரிப்பில்லாமல் பாருங்கள்.

இனி நம் கட்டுரையின் உள்ளத்துக்கு வருவோம். அடியாராகவோ அழத்தக்கவராகவோ அல்லாமல், எளிய ஒன்றைக் கேட்கும் மனிதராக நம்மைக் காட்டிய படங்கள் சில உண்டு. பெரும்பாலும் அவைதாம் ஓடவில்லை.

'சோமன துடி' (1975) கன்னடப்படம். சிவராம காரந்தர் 1933இல் எழுதிய நாவலை பி. வி. காரந்த் படமாக்கினார். அவ்வாண்டின் சிறந்த இந்தியப் படத்துக்கான தேசிய விருதும், சோமனாக நடித்த எம். வி. வாசுதேவராவுக்குச் சிறந்த நடிகர் விருதும் கிடைத்தன. தென்கன்னட நாட்டில் சோமன் ஒரு பண்ணையாள். அவனிடம் ஓர் இணை மாடுகள் உள்ளன. ஏரும் பூட்டத் தெரியும். அவன் கேட்பது ஒன்றே: உழுது பயிரிட ஒரு துண்டு நிலம். அவன் குலத்தவன் கூலிக்கு உழலாம். தனக்கென்று உழுதல் ஆகாது. ஆதலின் நிலம் இல்லை. தலைமேல் பழைய கடன். கடனைத் தீர்க்கப் பிள்ளைகள் காப்பித் தோட்டத்துக்குப் போகின்றனர். ஒரு மகன் காலராவில் மடிகிறான். ஒருவன் மதம் மாறிப் பிரிகிறான். மகள் பெள்ளி கடனுக்கு ஈடாகத் தன்னையே இழக்கிறாள். சிறுவன் ஒருவன் நீரில் மூழ்கும்போது, தீட்டுக்கு அஞ்சிக் கரையில் நின்றோர் கை நீட்டவில்லை. ஒவ்வோர் இழப்புக்கும் சோமன் பேசுவதில்லை. குடிசைக்குள் துடியை எடுத்து அடிக்கிறான். அந்த அடியே அவன் சினம், அவன் அழுகை, அவன் வழக்குரை.

இப்படத்தைப் பற்றி நாம் நீளப் பேசுவதற்குக் காரணம் உண்டு. 'சுமங்கலித் திட்டம்', 'மாங்கல்யத் திட்டம்' என்று மங்கலப் பெயர் சூட்டி, மூன்றாண்டு முடிவில் மொத்தத் தொகை தருவதாகச் சொல்லி, சிற்றூர்ப் பெண்களை மில் விடுதிகளுக்குள் வைத்த கதை நம் வட்டாரத்தில் நடந்தது. நம் வீட்டுப் பெண்களும் அதில் இருந்தனர். பெள்ளி தோட்டத்துக்குக் கிளம்பும் காட்சியில் அவர்களை நினையாமல் இருக்க நம்மால் முடியவில்லை. தோட்டமோ மில்லோ, கடன் என்னும் கயிறு ஒன்றே.

சோமன் கேட்ட நிலத்தை 43 ஆண்டுகள் கழித்துத் தமிழில் ஒருவன் கேட்டான். லெனின் பாரதியின் 'மேற்குத் தொடர்ச்சி மலை' 2018 ஆகஸ்டில் வெளிவந்தது. தேனிப் பக்கத்து மலையடிவாரத்தில் ரங்கசாமி என்னும் சுமைதூக்கி, ஏலக்காய் மூட்டையைத் தலையில் ஏற்றி மலையில் ஏறி இறங்குபவன். அவன் சாதியைப் படம் உரக்கச் சொல்லவில்லை. அவன் நிலமற்றவன் என்பதை ஒவ்வொரு காட்சியும் சொல்கிறது. சிறுகச் சிறுகச் சேர்த்து நிலம் வாங்குகிறான். வாங்கிய நிலம் கையில் நிற்கவில்லை. கடைசியில் தனக்குச் சொந்தமாயிருந்த மண்ணில் நிறுத்தப்பட்ட காற்றாலைக்குக் காவல்காரனாகச் சீருடை அணிந்து உட்காருகிறான். உடுமலை, தாராபுரம் பக்கம் பேருந்தில் செல்லும்போது காற்றாலைகளைப் பார்த்துப் 'பார், எவ்வளவு அழகு' என்று குழந்தைகளுக்குக் காட்டியிருக்கிறோம். இப்படத்தைக் கண்டபின் அவற்றின் அடியில் யார் நிலம் இருந்தது என்று கேட்கத் தோன்றுகிறது. படம் மெதுவாகச் செல்லும். முதல் அரைமணி நேரத்தில் கதையே இல்லையே என்று எழுந்துவிடாதீர்கள். மலை ஏறுவோர்க்கு அந்த நேரம் வேண்டியிருக்கிறது.

நிலத்துக்கு அடுத்தது வழி. அம்ஷன் குமார் இயக்கிய 'மனுசங்கடா' 2017இல் விழாக்களில் காட்டப்பட்டு, 2018 அக்டோபரில் அரங்குகளுக்கு வந்தது. அடுத்தடுத்த வாரங்களில் காணாமற்போயிற்று. தலைப்பு கவிஞர் இன்குலாப்பின் பாடலிலிருந்து எடுத்தது. சென்னையில் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்யும் கோலப்பனுக்குத் தந்தை இறந்த செய்தி வருகிறது. ஊருக்கு ஓடுகிறான். பிணத்தைப் பொதுப்பாதையில் எடுத்துச் செல்ல ஆதிக்க சாதியார் விடவில்லை. அவன் உயர்நீதிமன்றம் வரை சென்று ஆணை பெறுகிறான். ஆணை கையில் இருக்கிறது. ஆனால் பாதை கிடைக்கவில்லை. உண்மை நிகழ்ச்சியை அடியொற்றிய இப்படத்தில் பாட்டில்லை, சண்டையில்லை, பெருநடிகர் இல்லை. ஒரு பிணமும் ஒரு தாளும் ஒரு தெருவும் மட்டுமே.

நம் மாலைப்பள்ளிக் கூடத்தில் இதனை ஒரு ஞாயிறு இரவு சுவரில் வெள்ளை வேட்டி கட்டிக் காட்டினோம். பார்த்தவர்களுள் ஒருவர் பவர் டேபிள் டெய்லர்; தென்மாவட்டத்திலிருந்து பிழைக்க வந்தவர். தம் தகப்பனாரின் பாடை வாய்க்காலில் இடுப்பளவு நீரில் சென்றதை அன்றுதான் எங்களிடம் சொன்னார். அதற்கு முன் எட்டாண்டு அதே கூடத்தில் எங்களோடு அமர்ந்திருந்தும் சொன்னதில்லை. மலருக்காகப் படக்கட்டுரை எழுத வேண்டும் என்ற எண்ணம் அன்று தோன்றியதே.

இதே அம்ஷன் குமார், கி. ராஜநாராயணனின் 'கிடை' என்னும் கதையை 'ஒருத்தி' (2003) என்ற பெயரில் எடுத்தார். வெள்ளையர் காலத்துக் கரிசல் நாட்டில் ஆடு மேய்க்கும் செவனி என்னும் பெண்ணின் கதை. இதனைக் கண்டவர் மிகச் சிலர்.

கூலி கேட்டவர்களின் கதையைத் திரை நேராகச் சொன்னது குறைவு. 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேர் ஒரு குடிசைக்குள் எரிக்கப்பட்டனர்; 1973இல் உயர்நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்ட நிலக்கிழார்களை விடுவித்தது. இந்திரா பார்த்தசாரதியின் 'குருதிப்புனல்' நாவலைத் தழுவி ஸ்ரீதர் ராஜன் எடுத்த 'கண் சிவந்தால் மண் சிவக்கும்' (1983) முதற்பட இயக்குநருக்கான தேசிய விருது பெற்றது. நாவலைப் பற்றிக் குறை சொன்னோர் உண்டு. கூலிப் போரைப் பண்ணையாரின் தனிப்பட்ட உடற்குறையோடு முடிச்சுப் போட்டதாக அவர்கள் கூறியது நமக்கும் உடன்பாடே. ஆகவே அதனோடு பாரதி கிருஷ்ணகுமாரின் 'ராமையாவின் குடிசை' (2005) என்னும் ஆவணப்படத்தையும் சேர்த்தே காண வேண்டும். அதில் பேசுவோர் நடிகரல்லர்.

கல்விச் சங்கத்தின் மலரில் முதலிடம் பெற வேண்டிய படத்தைப் பின்னே வைத்திருக்கிறோம். அது 'சேத்துமான்' (2022). பெருமாள்முருகனின் 'வறுகறி' என்னும் சிறுகதையைத் தமிழ் என்னும் புதிய இயக்குநர் படமாக்கினார். நீலம் நிறுவனம் தயாரித்தது. அரங்குக்கு வராமல் நேரே இணையவழி வெளியானதால் நம்மில் பலர்க்கு அது வந்ததே தெரியாது. கதை நிகழ்வது நம் மேற்கு மண்டலத்தில். பேச்சும் நம் பேச்சு. கூடை முடையும் பூச்சியப்பன், வன்கொலையில் பெற்றோரை இழந்த பேரன் குமரேசனைப் படிக்க வைக்கிறான். பேரனைப் பள்ளிக்கு அழைத்துப் போவதும் திரும்ப அழைத்து வருவதுமே அவன் வாழ்வு. ஊர்க் கவுண்டர் வெள்ளையனுக்குப் பன்றிக்கறி ஆசை. வீட்டில் சமைக்க முடியாது. வெளியில் சொல்ல முடியாது. ஆகவே பூச்சியப்பனைக் கொண்டு காட்டில் ரகசியமாய் விருந்து ஏற்பாடாகிறது. எங்கள் உணவை இழிவென்பார். அதே உணவை எங்கள் கையால் வெட்டி வறுத்துத் தரச் சொல்வார். இந்த இரட்டை வேடத்தை அப்படம் கூச்சலின்றிக் காட்டுகிறது. நாட்டின் குடியரசுத் தலைவர் பதவிக்குத் தாழ்த்தப்பட்டவர் ஒருவர் வரும் செய்தி பேசப்படும் அதே நாட்களில் இது நடப்பதாகக் கதை அமைந்திருக்கிறது. முடிவைச் சொல்லிக் கெடுக்கமாட்டோம். பங்காளிப் பகையில் கைகலப்பு மூளும்போது நடுவில் நிற்பவன் யார் என்பதை மட்டும் பாருங்கள்.

நம் தொழிலைப் பற்றிய படம் இல்லையா என்று கேட்போர்க்கு: நிமாய் கோஷ் இயக்கி, எம். பி. சீனிவாசன் இசையமைத்த 'பாதை தெரியுது பார்' (1960) தொழிலாளர் வாழ்வைக் கதையாக்கிற்று; பாடல்கள் நிலைத்தன, படம் மறைந்தது. 1984இல் பஞ்சப்படிக்காகத் திருப்பூர்த் தொழிலாளர் 127 நாள் வேலைநிறுத்தம் செய்தனர். அதனைக் கதைப்படமாக்க எவரும் முன்வரவில்லை. மதுரை அமுதன் ஆர். பி. இயக்கிய 'டாலர் சிட்டி' என்னும் ஆவணப்படம் திருப்பூரைப் பற்றியது. தெரிந்த தெருக்களும் தெரிந்த இயந்திரச் சத்தமும் இருக்கும். முதலாளி, தொழிலாளி, சங்கத்தார் எனப் பலரும் பேசுவர். பேசுவோர் எல்லாரும் ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்வதாக உணர்ந்தால், அச்சொல் எதுவென்று எழுதி வையுங்கள். அவரது 'பீ' (2003), மதுரைத் தெருவொன்றில் மலம் அள்ளும் பெண் தொழிலாளியின் வேலையைக் கண் விலக்காமல் காட்டுவது. 'செருப்பு' (2006), திருச்சியில் செருப்புத் தைக்கும் அருந்ததியரைப் பற்றியது. இரண்டையும் உணவு நேரத்துக்கு முன் திரையிட வேண்டாம் என்று ஓர் உறுப்பினர் சொன்னார். உணவுக்கு முன்னரே திரையிடத் தீர்மானித்திருக்கிறோம்.

வெள்ளிவிழா ஆண்டில் மாதந்தோறும் இரண்டாம் ஞாயிறு மாலை இப்படங்களை ஒவ்வொன்றாக நம் கூடத்தில் காட்டுவதாக ஏற்பாடு. முதலில் 1942 நந்தனார், அடுத்துச் சோமன துடி. கன்னடம் புரியாதே என்று தயங்க வேண்டாம். உடனிருந்து பொருள் சொல்ல ஒருவர் இசைந்துள்ளார். பறையும் தப்பும் அடிக்கத் தெரிந்த நம் பெரியவர்களுக்கு அன்று முன்வரிசையில் இடம் வைத்திருக்கிறோம். துடி என்பது சங்க நூல்களிலேயே வரும் பழந்தமிழ்ச் சொல். சோமன் எந்த அடியை எந்த இழப்புக்கு அடிக்கிறான் என்பதை அவர்கள் நமக்குச் சொல்ல வேண்டும்.